உயில் காத்த வீடு: பினாங்கு நீல மாளிகையின் உருமாற்றம்

மலேசியாவின் பினாங்கு மாநிலத் தலைநகரான ஜார்ஜ்டவுனில், லீத் தெருவில் இருக்கிறது சியோங் ஃபாட் சே மாளிகை. ஊரார் அதை நீல மாளிகை என்கிறார்கள். இன்று அது தங்கும் விடுதி, வழிகாட்டியுடன் சுற்றிப் பார்க்கும் மரபு வீடு, கலைக்கூடம் என மூன்றாகவும் இயங்குகிறது. இந்த மாற்றத்தின் பெருமை 1990களில் நடந்த சீரமைப்புக்கே பெரும்பாலும் போகிறது. அந்தச் சீரமைப்பு நடக்க ஒரு வீடு மிஞ்சியிருந்ததே, அதற்கான காரணம் இன்னும் பழையது. அதைத் தேடினால் உடையவர் எழுதிவைத்த உயிலில் போய் நிற்போம்.

சீனாவின் குவாங்டோங் மாநிலத்துத் தாபு பகுதியில், ஹக்கா குடும்பமொன்றில் 1840இல் பிறந்தவர் சியோங் ஃபாட் சே. இளம் வயதிலேயே பத்தேவியாவுக்கு (இன்றைய ஜகார்த்தா) கப்பலேறினார். டச்சு ஆட்சிப் பகுதிகளில் அபின், சாராய வரிக் குத்தகைகளை எடுத்துப் பெரும் பொருள் சேர்த்தார். அந்தச் செல்வத்தின் ஒரு பங்கு கூலிகளின் அபின் பழக்கத்திலிருந்து வந்தது; மாளிகையின் அழகைப் பேசும்போது இதை விட்டுவிடக் கூடாது. 1892இல் யான்டாயில் சாங்யூ திராட்சை மது நிறுவனத்தை நிறுவினார். அடுத்த ஆண்டே பினாங்கில் சீனாவின் சிங் பேரரசுக்குத் துணைத் தூதரானார். ஆகவே லீத் தெரு வீடு குடும்பத்துக்கு மட்டும் உரியதாக இருக்கவில்லை. அதிகாரிகளை வரவேற்கும் கூடம், வணிக அலுவலகம், தூதரகம் எல்லாம் அதுவே. வெளியார் வந்துபோவதற்கென்றே அமைந்த வீடு பின்னாளில் பார்வையாளருக்குத் திறக்கப்பட்டதில் ஒரு தொடர்ச்சி உண்டு.

38 அறைகள், 5 முற்றங்கள், 7 படிக்கட்டுகள், 220 சன்னல்கள். கூரை முகட்டைக் கூர்ந்து பார்த்தால், பூவிதழும் பறவை இறகும் பீங்கான் துண்டுகளால் ஆனவை என்று தெரியும். வண்ணக் கிண்ணங்களை இடுக்கியால் நறுக்கிச் சுண்ணாம்புச் சாந்தில் பதிக்கும் தென்சீன வேலை அது. அதே வீட்டில் கிளாஸ்கோவில் வார்த்த இரும்புத் தூண்களும் ஐரோப்பிய வண்ணக் கண்ணாடிகளும் இருக்கின்றன. சுவரின் நீலம், சுண்ணாம்பில் கலந்த அவுரிச் சாயம்.

1916இல் சியோங் காலமானார். கடைசி மகன் உயிரோடிருக்கும்வரை வீட்டை விற்கக் கூடாது என்று உயிலில் எழுதியிருந்தார். அந்த மகன் இறந்தது 1989இல். எழுபது ஆண்டுகளுக்கு மேலாக வீட்டை யாராலும் விற்கவோ இடிக்கவோ முடியவில்லை. பராமரிக்கப் பணமும் இல்லை. அறைகள் வாடகைக்குப் போயின; கூடங்கள் தடுக்கப்பட்டுக் குடித்தனங்கள் ஆயின; மழைநீர் சுவரில் இறங்கியது. வீட்டைக் காத்த உயிலே அதைச் சிதையவும் விட்டது.

1990இல் கட்டடக் கலைஞர் லாரன்ஸ் லோ, அவருடைய மனைவி லின் லீ லோ-லிம் ஆகியோர் கூட்டாளிகளுடன் சேர்ந்து வீட்டை வாங்கினார்கள். அவர்கள் எடுத்த முடிவுகளில் முதன்மையானதாக நான் கருதுவது சுண்ணாம்புக்குத் திரும்பியது. பினாங்கின் ஈரக் காற்றில் செங்கல் சுவர் நிலத்திலிருந்து நீரை உறிஞ்சிக்கொண்டே இருக்கும். சுண்ணாம்புப் பூச்சு அந்த ஈரத்தை வெளியே விடும். சிமெண்ட் பூச்சு அதை உள்ளேயே அடைத்துவைக்கும். உப்புப் பூத்துச் செங்கல் பொடியும். பீங்கான் வேலைக்குச் சீனாவிலிருந்து கைவினைஞர்கள் வரவழைக்கப்பட்டனர். 2000இல் யுனெஸ்கோவின் ஆசிய-பசிபிக் மரபுப் பாதுகாப்பு விருது கிடைத்தது.

விடுதி நடத்துவது பண்பாட்டுப் பயன்பாடு ஆகுமா என்ற கேள்வி நியாயமானது. ஆகும் என்றே நினைக்கிறேன். கூரை ஓடும் சுண்ணாம்புப் பூச்சும் ஓயாமல் கவனிப்புக் கேட்பவை. ஒரு முறை கிடைக்கும் நன்கொடையால் அவை நிலைக்காது. விருந்தினர் தரும் வாடகை அந்தச் செலவைத் தாங்குகிறது.

இந்த வீடு காட்டிய வழிக்கு அப்போது தனி மதிப்பு இருந்தது. மலேசியாவில் 1966ஆம் ஆண்டின் வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் 2000 தொடக்கத்தில் முடிவுக்கு வந்தது. ஜார்ஜ்டவுனின் பழைய வீடுகள் பலவற்றில் நெடுங்காலம் குடியிருந்தவர்கள் வெளியேற நேர்ந்தது. இடிப்பதா, காப்பதா என்று உரிமையாளர்கள் கணக்குப் போட்ட அந்த நேரத்தில், காத்தும் வருமானம் பார்க்கலாம் என்பதற்கு லீத் தெருவிலேயே சான்று இருந்தது. 2008இல் மலாக்காவுடன் சேர்ந்து ஜார்ஜ்டவுன் உலக மரபுரிமைப் பட்டியலில் இடம்பெற்றது. ஆனால் வெளியேறிய குடித்தனக்காரர்களுக்கு அந்தக் காப்பில் பங்கில்லை. நீல மாளிகையின் வரலாறு என்றால் அதன் தடுப்பறைகளில் சமைத்து, பிள்ளை வளர்த்தவர்களின் பல பத்தாண்டுகளும் அதில் சேரும். சியோங்கின் வாழ்க்கைக்குத் தரும் அதே கவனத்தோடு அவையும் எழுதப்பட வேண்டும்.