எரிபொருள் விலை: புதுச்சேரிக் கூலித் தொழிலாளியின் கணக்கு

பெட்ரோல், டீசல் விலையை நாள்தோறும் மாற்றும் முறை முதலில் வெள்ளோட்டம் பார்க்கப்பட்ட ஐந்து இந்திய நகரங்களுள் புதுச்சேரியும் ஒன்று. அது தொடங்கிய நாள் 2017 மே 1, உழைப்பாளர் நாள். ஜூன் 16 முதல் நாடு முழுவதும் நடைமுறைக்கு வந்தது. பெட்ரோல் விலைமீதான அரசுக் கட்டுப்பாடு 2010 ஜூனிலும், டீசல் மீதானது 2014 அக்டோபரிலும் முன்பே விலக்கப்பட்டிருந்தன. இனிச் சந்தையே விலையைத் தீர்மானிக்கும் என்றார்கள்.

சந்தைதான் தீர்மானித்ததா? கச்சா எண்ணெய்த் தேவையில் 85 விழுக்காட்டுக்குமேல் இந்தியா இறக்குமதி செய்கிறது. உலக விலையும் டாலர் மதிப்பும் இங்கே எதிரொலிப்பதை நாம் மறுக்கவில்லை. ஆனால் பெருந்தொற்றின்போது, 2020 ஏப்ரலில், கச்சா எண்ணெய் பீப்பாய்க்கு 20 டாலர் அளவுக்குச் சரிந்த பயன் மக்களை வந்தடையவில்லை. மே மாதம் ஒன்றிய அரசு கலால் வரியைப் பெட்ரோலுக்கு 10 ரூபாயும் டீசலுக்கு 13 ரூபாயும் உயர்த்தி, அந்தச் சரிவைத் தன் கருவூலத்துக்குத் திருப்பிக்கொண்டது. பின்னர் 2021 நவம்பர் முதல் ஐந்து மாநிலத் தேர்தல்கள் முடியும்வரை விலை அசையவில்லை. 2022 மார்ச் 22 முதல் பதினாறே நாள்களில் 14 முறை ஏறி, லிட்டருக்கு ஏறத்தாழ 10 ரூபாய் கூடியது. 2024 மார்ச்சில், நாடாளுமன்றத் தேர்தலுக்குச் சற்று முன், 2 ரூபாய் குறைந்தது. இதைச் சந்தையின் நாட்காட்டி என்று எவரும் சொல்லமாட்டார்.

முந்தைய ஆட்சி விட்டுச்சென்ற எண்ணெய்க் கடன் பத்திரங்களே காரணம் என்ற வாதமும் உண்டு. அப்பத்திரங்களின் நிலுவை சுமார் 1.3 லட்சம் கோடி ரூபாய். 2020-21 என்னும் ஒரே நிதியாண்டில் பெட்ரோல், டீசல் கலால் வரியாக ஒன்றிய அரசு திரட்டியதோ 3.72 லட்சம் கோடி. அதில் மாநிலங்களுக்குப் பகிர்ந்தது 20 ஆயிரம் கோடிக்கும் குறைவு.

இவ்வளவு குறைந்தது எப்படி? 2025 ஏப்ரல் 8 உயர்வுக்குப்பின் பெட்ரோல் மீதான கலால் வரி லிட்டருக்கு 21.90 ரூபாய் ஆனது. இதில் அடிப்படைக் கலால் வரியான 1.40 ரூபாய் மட்டுமே மாநிலங்களோடு பகிரத்தக்கது. மீதமெல்லாம் சிறப்புக் கூடுதல் வரி, சாலை மேல்வரி, வேளாண் மேல்வரி என்ற பெயர்களில் ஒன்றியத்திடமே தங்குகின்றன. சட்டமன்றம் இருந்தும் நிதிக்குழுவின் வரம்புக்குள் வராத ஒன்றியப் பகுதியாகிய புதுச்சேரிக்கு அந்த 1.40 ரூபாயிலும் பங்கு இல்லை. ஒன்றிய அரசின் மானியத்தையே அது எதிர்பார்த்து நிற்கிறது. அதன் கையிலிருப்பது மதிப்புக் கூட்டு வரி ஒன்றே. அதைத் தமிழ்நாட்டைவிடக் குறைவாக வைத்திருப்பதால்தான் கடலூர், விழுப்புரம் வண்டிகள் எல்லையோர பங்க்குகளில் நிற்கின்றன. 2021 நவம்பரில் புதுச்சேரி அரசு இவ்வரியில் 7 ரூபாய் குறைத்தது. 2025 ஜனவரி 1 முதல் விலை ஏறத்தாழ 2 ரூபாய் கூடும்படி உயர்த்தியது. பெட்ரோலைச் சரக்கு சேவை வரிக்குள் கொண்டுவருக என்ற முழக்கத்தை நம் தோழர்களும் எழுப்புகின்றனர். அது நடந்தால் புதுச்சேரி இந்த ஒரே பிடியையும் இழக்கும். பகிரப்படாத மேல்வரிகளைக் குறைக்கக் கோருவதே சரியென நாம் கருதுகிறோம்.

2011 கணக்கெடுப்பின்படி புதுச்சேரி மக்கள்தொகையில் பட்டியல் சாதியினர் ஏறத்தாழ 16 விழுக்காடு. பாகூர், நெட்டப்பாக்கம், வில்லியனூர்ப் பகுதிக் குடியிருப்புகளிலிருந்து கட்டட வேலைக்கும் விடுதி வேலைக்கும் துப்புரவுக்கும் நகருக்கு வருவோர் பலர். ஏ.எஃப்.டி., சுதேசி, பாரதி ஆலைகளின் சங்கு ஒலித்த காலத்தில் நகரை ஒட்டியிருந்தோருக்கு மிதிவண்டி போதுமாயிருந்தது. ஆலைகள் மூடப்பட்டுவிட்டன; இன்று வேலை சேதராப்பட்டிலும் திருபுவனையிலும் இருக்கிறது. இரவுப் பணி முடிந்தால் பேருந்தும் இல்லை, டெம்போவும் இல்லை. ஆகவே தவணையில் வாங்கிய இருசக்கர வண்டி. ஒரே வண்டியில் இருவர் சென்று செலவைப் பங்கிடுவதும், மாதக் கடைசியில் மிதிவண்டிக்குத் திரும்புவதும் வழக்கமாகிவிட்டன.

நாளொன்றுக்கு ஒரு லிட்டர், மாதம் 25 நாள் எனில், 2025 ஏப்ரல் உயர்வுக்குப்பின் கலால் வரி மட்டும் 547 ரூபாய் 50 காசு ஆனது. கிழக்குக் கடற்கரைச் சாலையில் வரும் சுற்றுலாப் பயணியின் சொகுசுக் காருக்கும் அப்போது லிட்டருக்கு அதே 21.90 தான். வருமான வரி வருமானத்தைக் கேட்கும், இவ்வரி கேட்பதில்லை. 2019 செப்டம்பரில் பெருநிறுவன வரியை 30 விழுக்காட்டிலிருந்து 22 ஆகக் குறைக்க முன்வந்த அதே அரசுதான், எட்டு மாதங்களில் பெட்ரோலுக்கு 10 ரூபாய் ஏற்றியது.

அடுப்பின் கதையும் வேறன்று. உஜ்வாலா திட்டம் தொடங்கியதும் ஒரு மே நாளில்தான், 2016இல். 2025 ஏப்ரலில் உஜ்வாலா பயனாளிக்கான உருளை விலை தில்லியில் 503 ரூபாயிலிருந்து 553 ஆனது. மானியம் பின்னர் வங்கிக் கணக்கில் வரும். உருளை வாசலுக்கு வரும்போது முழு விலையையும் கையில் வைத்திருக்க வேண்டும். அன்றாடக் கூலியில் அத்தொகை சேராத வாரங்களில் பெண்கள் விறகுக்குப் போகிறார்கள். நிலமற்றவர்களுக்கு விறகு பிறர் நிலத்தில்தான் கிடைக்கும். அங்கே கால்வைக்க யாரிடம் கேட்க வேண்டும், என்ன பேச்சுக் கேட்க வேண்டும் என்பதைச் சேரிப் பெண்கள் அறிவார்கள்.