ஊசியின்றி ஈரலை அறிதல்

குருதியுறையா நோயாகிய ஹீமோபிலியா, அரச குடும்பங்களின் நோயென்றே சரித்திர நூல்களில் இடம்பெற்றது. விக்டோரியா மகாராணியாரின் புதல்வர் லியோபோல்டும், றஷ்யச் சக்கரவர்த்தியின் மைந்தன் அலெக்சியும் அதற்கு ஆளானோர். ஆயினும் இந்நோயாளரது ஈரலின் சரித்திரம் மிக அண்மைக் காலத்தது. அது நோயிலன்று, மருந்திலேயே தொடங்குகின்றது.

1964ஆம் ஆண்டில், அமெரிக்காவின் ஸ்ரான்போர்ட் பல்கலைக்கழகத்து ஜூடித் பூல் அம்மையார், உறையவைத்த குருதிநீரை மெல்ல இளகவிடும்போது அடியிற் படியும் பொருளில் எட்டாம் உறைகாரணி செறிந்திருத்தலை வெளியிட்டார். பின்னர் ஆயிரக்கணக்கானோரின் குருதிநீரை ஒன்றுசேர்த்து, உலர்ந்த தூளாக்கிப் புட்டியில் அடைக்கும் முறை வந்தது. நோயாளர் அதனை வீட்டிலிருந்தே ஏற்றிக்கொள்ளலாயினர். மூட்டுகளிற் குருதி கசிந்து முடமாகும் துன்பம் குறைந்தது. ஆனால், கொடுத்தவருள் ஒருவரிடம் ஈரலழற்சிக் கிருமி இருப்பினும் போதும், கலவை முழுவதும் மாசுற்றது. 1980களின் நடுப்பகுதியில் மருந்தை வெப்பமூட்டிக் கிருமியை அழிக்கும் முறை பரவுமுன்னரே, அதனைப் பெற்றவருள் மிகப் பெரும்பாலோரைத் தொற்றுப் பற்றிவிட்டது. அக்கிருமி ஹெபடைற்றிஸ் சி என அடையாளங் காணப்பட்டதே 1989இற்றான்.

ஈரலோ ஓசையின்றிக் கெடும் உறுப்பு. அதன் நிலையறிய வைத்தியர் கைக்கொண்ட வழி, விலாவெலும்புகளிடையே ஊசியைச் செலுத்தித் துணுக்கொன்றை எடுத்து நுணுக்குக்காட்டியில் நோக்குவதாகும். இத்தாலியரான மெங்கினி 1958இல் இதனை ஒரு நொடியில் முடிக்கும் ஊசியை அறிமுகஞ் செய்திருந்தார். நொடி சிறிதாயினும், குருதி உறையாதவருக்கு அத்துளை சிறிதன்று. உறைகாரணியை ஏற்றியே சோதனையை நடத்தல் வேண்டும். அக்காரணியோ, அந்நாளில், ஐயத்துக்குரிய அதே புட்டிகளிலிருந்து வருவது! 1978இல் இங்கிலாந்தின் ஷெபீல்ட் நகர வைத்தியர்கள் துணிந்து சோதித்தபோது, அறிகுறி எதுவுமற்றோரிடத்தும் நாட்பட்ட ஈரல்நோய் வெளிப்பட்டது. உண்மை தெரிந்தது, ஆனால் நோயின் போக்கறிய மீண்டும் மீண்டும் குத்திப்பார்க்க எவர் துணிவர்?

இரத்தப் பரிசோதனைகள் சிலவற்றை இணைத்து ஈரலின் தழும்பைக் கணிக்கும் முறையைப் பாரிஸ் நகரத்தார் 2001இல் வெளியிட்டனர். 2003இல் அமெரிக்காவின் மிச்சிகன் அறிஞர்கள் ஈரல் நொதியம் ஒன்றையும் குருதிச் சிறுதட்டுகளின் எண்ணிக்கையையும் மாத்திரமே கொண்டு கணித்தனர். ஈரல் இறுக மண்ணீரல் வீங்கும். சிறுதட்டுகள் குறையும் என்பதே இதன் அடிப்படை. எளியதுதான். ஆனால் எயிட்ஸ் கிருமியும் சிறுதட்டுகளைக் குறைக்கவல்லது. அதுவும் பலருக்கு அப்புட்டிகளின் வழியே வந்திருந்தது. ஆகவே அக்கணக்கு இவர்களிடத்துப் பிழைக்கவுங் கூடும்.

அதே 2003இல், பாரிஸிலே சந்த்ரன் என்பாரும் கூட்டாளரும் வேறொரு வழியை வெளியிட்டனர். அவர்தங் கருவி விலாவின்மேல் மெல்லத் தட்டும். அத்தட்டலால் எழும் அதிர்வு இறுகிய ஈரலில் விரைந்தும் மென்மையான ஈரலிற் தாமதித்தும் செல்லும். அவ்வேகத்தைச் செவிக்கெட்டா ஒலியலையால் அளந்து, கிலோபாஸ்கல் என்னும் அலகிற் காட்டும். துளையில்லை, குருதியில்லை, சில நிமிடங்களே. எனினும் அது அளப்பது இறுக்கத்தையே. உணவுண்ட சற்று நேரத்திலும், அழற்சி மிகுந்திருக்கையிலும் எண் உயர்ந்து நிற்கும். தழும்பு மிகக் குறைவு, மிக அதிகம் என்னும் இரு முனைகளில் நம்பத்தக்க இக்கருவி, இடைநிலையில் ஐயத்தையே விட்டுவைக்கின்றது. அங்கே ஒரே எண்ணை நம்புவதினும், இரத்தக் கணிப்போடும் முந்திய ஆண்டுகளின் அளவோடும் ஒப்பிடுதலே தக்கது.

2013இன் இறுதியிலிருந்து கிருமியை அடியோடு நீக்கும் புதிய மாத்திரைகள் வரத்தொடங்கின. கிருமி நீங்கினும் முற்றிய தழும்பு எளிதில் நீங்குவதில்லை. குணமானோருள் யாருடைய ஈரலை ஆறு மாதத்துக்கொருமுறை புற்றுநோய்க்காகச் சோதித்துவர வேண்டுமென்பதை, இன்று பெரும்பாலும் ஊசியின்றியே வைத்தியர்கள் தீர்மானிக்கின்றனர்.