ஒரே வீடு, மூணு மாவட்டம்

நான் பிறந்த வீட்டுலதான் இன்னிக்கும் இருக்கேன். ஆனா மூணு மாவட்டத்துல வாழ்ந்தாச்சு. என் பள்ளிக்கூடச் சான்றிதழ்ல தென்னாற்காடுன்னு இருக்கும். 1993-ல் பிரிச்சப்போ விழுப்புரம் மாவட்டம் ஆனோம். 2019 நவம்பர்ல கள்ளக்குறிச்சியே தனி மாவட்டம் ஆயிடுச்சு.

முதல் தடவை மாறினப்போ எங்க அப்பா, "பேரை மாத்திட்டா கரும்பு கூட நாலு கட்டு விளையுமா?"ன்னு கேட்டார். அவர் கேட்டதுல தப்பில்ல. ஆனா அவர் காலத்துல கலெக்டர்கிட்ட மனு கொடுக்கணும்னா கடலூர் போகணும். முழு நாள் போயிடும். இப்போ நான் காலையில கள்ளக்குறிச்சி போயிட்டு மத்தியானச் சோத்துக்கு வீட்டுக்கு வந்துடறேன். பேர் மாறினதை யாரும் கொண்டாடல. தூரம் குறைஞ்சதை எல்லாரும் ஏத்துக்கிட்டாங்க.

இதை ஏன் சொல்றேன்னா, எங்களுக்கு மேற்கே கல்வராயன் மலை இருக்கு. அங்க இருக்கற மலையாளிப் பழங்குடி மக்களைப் பத்தி, "மலைக்காரங்க மாறவே மாட்டாங்க"ன்னு டீக்கடையில ரொம்ப சுலபமா சொல்லிடுவாங்க. நானும் சொல்லியிருக்கேன். வருஷக் கணக்கைப் பார்த்த பிறகுதான் வாயை மூடிக்கிட்டேன்.

அந்த மலை சடைய கவுண்டன், குரும்ப கவுண்டன், ஆரிய கவுண்டன்னு மூணு ஜாகிரா இருந்துச்சு. ஜாகிர்னா, பழைய ராஜா காலத்துல ஒரு குடும்பத்துக்கு விட்டுக்கொடுத்த சீமை. நிலத்துல பாடுபடறது ஒருத்தர், வரி வாங்கறது ஜாகிர்தார். கீழ்நாட்டுல ஜமீனை ஒழிக்கச் சென்னை மாகாணத்துல 1948-லேயே சட்டம் வந்துடுச்சு. 1952 பொதுத்தேர்தல்ல எங்க தாத்தா வரிசையில நின்னு ஓட்டுப் போட்டார். மலையில ஜாகிர் முடிஞ்சு அரசாங்கம் வந்தது 1976-ல். நாட்டுல நெருக்கடி நிலை நடந்துக்கிட்டிருந்த நேரம் அது. ஓட்டுரிமை அவங்களுக்குக் கிடைச்சது 1996-ல்தான். 2024 ஜூன்ல கள்ளக்குறிச்சியில கள்ளச்சாராயம் குடிச்சு அத்தனை பேர் செத்த பிறகு, சென்னை உயர்நீதிமன்றம் மலை மக்கள் நிலைமையைத் தானா விசாரணைக்கு எடுத்துச்சு. அப்போதான் இந்த விவரமெல்லாம் பேப்பர்ல வந்து, பக்கத்துலயே இருக்கற எனக்கே தெரிஞ்சுது.

எங்க தாத்தா ஓட்டுப் போட்டு நாப்பத்து நாலு வருஷம் கழிச்சு அவங்க போட்டிருக்காங்க. இதுல மாறாதவங்க யாரு?

மாறத் தெரியாதவங்களா அவங்க? சாமையும் தினையும் கேழ்வரகும் விளைஞ்ச கொல்லைங்கள்ல இப்போ மரவள்ளி நிக்குது. சேலம், ஆத்தூர் பக்கம் இருக்கற ஜவ்வரிசி ஆலைங்க வாங்கிக்குது, கையில காசு வருது, போட்டாங்க. நானும் அப்படித்தான் போட்டேன். யாரும் வந்து எங்களுக்குப் பாடம் நடத்தல.

அதுலயும் ஒரு அடி பட்டோம். 2020 வாக்குல தமிழ்நாட்டு மரவள்ளியில ஒரு புது மாவுப்பூச்சி இறங்குச்சு. குருத்தெல்லாம் சுருண்டு போச்சு. அதைத் தின்னு ஒழிக்கற சின்னக் குளவியை ஆப்பிரிக்காவுல இருந்து கொண்டுவந்து விட வேண்டியதாப் போச்சு. எல்லாக் கொல்லையிலயும் ஒரே பயிர் இருந்தா ஒரே பூச்சி போதும். மலையில எனக்குப் பழக்கமான பெரியவர் ஒருத்தர் மட்டும் அரை ஏக்கர்ல சாமையை விடாம வெச்சிருந்தார். "புதுசை உள்ள விடு தம்பி, அதுக்காகப் பழசைத் தெருவுல தள்ளாதே"ன்னார். இப்போ பட்டணத்துல இருந்து நீங்கள்லாம் சாமை கேட்கறீங்க. விதை இருக்கறது அவர்கிட்டதான்.

போன வருஷம் அவர் கடுக்காய் மூட்டையோட கீழே இறங்கினப்போ, பிளாஸ்டிக் கவருக்குள்ள இருந்து ஒரு காகிதத்தை எடுத்துக் காட்டினார். 2006 வன உரிமைச் சட்டத்துல கிடைச்ச உரிமைப் பத்திரம். அந்த நிலத்தை விக்க முடியாது, பிள்ளைங்களுக்குப் போகும். அந்தச் சட்டத்துல புருஷன் பொஞ்சாதி ரெண்டு பேர் பேரும் சேர்த்துப் போடணும்.

"எங்கப்பன் இதுக்காகக் காத்திருந்தே செத்தான்"னார். அப்புறம் ரெண்டாவது பேர் மேல விரலை வெச்சு, "இது எங்க வீட்டுக்காரி. காகிதத்துல அவ பேரை இப்பதான் பார்க்கறேன்"னு சிரிச்சார்.

நான் என் பட்டாவை வீட்டுக்கு வந்து எடுத்துப் பார்த்தேன். என் பேர் மட்டும்தான் இருக்கு. மாறாதவன் யாருன்னு அப்போ புரிஞ்சுது. சேர்த்து எழுதணும்.