அண்ணன்மாருக்கு எந்த முகம்?

சென்ற மாசி மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை. காங்கயத்துக்கும் வெள்ளகோவிலுக்கும் இடையே, பெருஞ்சாலையிலிருந்து உள்ளொதுங்கிய ஒரு சிற்றூரில், அண்ணன்மார் கோயில் வேப்பமரத்தடியில் நாம் அமர்ந்திருந்தோம். நம் கையில் ஒரு செல்பேசி. அதன் திரையில் பொன்னரும் சங்கரும். திருப்பணிக் குழுவைச் சேர்ந்த இளைஞர் ஒருவர் செயற்கை நுண்ணறிவுச் செயலியிடம் கேட்டுப் பெற்ற படம் அது. பளபளக்கும் மேனி, ஒழுங்காகக் கத்தரித்த தாடி, இறகு செருகிய தலைப்பாகை, மார்பில் எஃகுக் கவசம். பின்னணியில் பனி மூடிய மலை! வீரமலையில் எந்த நூற்றாண்டில் பனி பெய்ததென்று நாமறியோம்.

"குடமுழுக்குக்கு நாலு மாசந்தானுங்க சார் இருக்குது. பழைய சுதையைச் சொரண்டிப் போட்டு, இதைப் பார்த்துப் புதுசாப் பண்ணீர்லாம்னு இருக்கறோமுங்க" என்றார் இளைஞர்.

அருகிலிருந்த பெரியவர் படத்தை வாங்கித் தூரப் பிடித்தும் கிட்டப் பிடித்தும் பார்த்தார். "மொகமெல்லாம் நல்லாத்தான் இருக்குது. ஆனா இது நம்ம சாமி இல்லியே கண்ணு" என்றார்.

"பாணியை மாத்துனா வேற மாதிரி வருமுங்க அப்பாரு. எந்தப் பாணின்னுதான் சார் சொல்லோணும்."

நம்மை அவர்கள் அழைத்திருந்ததன் காரணம் அப்போதுதான் விளங்கிற்று. தமிழ் இலக்கியம் கற்பிப்பவனுக்கு ஓவியப் பாணியும் தெரிந்திருக்கும் என்று நம்பும் நல்ல உள்ளங்கள் இன்னும் கொங்கு நாட்டில் இருக்கின்றன!

கதையை அறியாத வாசகர்களுக்காக இரண்டொரு வரிகள். குன்னுடையாக் கவுண்டருக்கும் தாமரைக்கும் பிறந்த பொன்னரும் சங்கரும், அவர்தம் தங்கை தங்காளும், துணைவன் சாம்புவனும், கொம்பன் என்னும் காட்டுப் பன்றியும் உலவும் நெடுங்கதை அது. கொங்கு நாட்டில் இரவிரவாக உடுக்கடித்துப் பாடப்படுவது. அண்ணன்மார் களத்தில் மாண்டு தெய்வமானார்கள். மணப்பாறையை அடுத்த வீரப்பூரில் மாசி மாதந்தோறும் அவர்களுக்குப் பெருந்திருவிழா நடைபெறுகிறது. இங்கே ஊருக்கு ஊர் கோயில்கள் உள்ளன.

முதலில் அந்தத் தலைப்பாகை எங்கிருந்து வந்தது என்று பார்ப்போம். படம் வரையும் இயந்திரங்கள் கோடிக்கணக்கான படங்களையும் அவற்றுடன் இணைந்த சொற்களையும் சேர்த்துப் படித்துப் பழகியவை. 2022 ஆகஸ்டில் வெளியான ஸ்டேபிள் டிஃபியூஷன், லயான்-5பி என்னும் திரட்டின் பகுதிகளைக் கொண்டு பயிற்றப்பட்டது. அத்திரட்டில் ஏறத்தாழ 585 கோடிப் பட-உரை இணைகள். அவற்றுள் ஆங்கில உரை கொண்டவை மட்டும் 230 கோடிக்கு மேல். இளைஞர் பயன்படுத்திய செயலி வேறு. ஆயினும் இவ்வினத்துக் கருவிகள் கற்கும் வழி பெரும்பாலும் இதுவே. 'இந்திய வீரன்' என்று ஆங்கிலத்தில் எழுதப்பட்ட படங்களில் மிகுதியாக இருப்பது எதுவோ, அதுவே இயந்திரத்தின் உள்ளத்தில் இந்திய வீரன். இராசபுத்திரரின் தலைப்பாகையும் தொலைக்காட்சித் தொடர்களின் கவசமும் அங்கே குவிந்து கிடக்கின்றன. நம் ஊர்ச் சுதை உருவத்தைப் படமெடுத்து, அதன் கீழே விளக்கமும் எழுதி வலையேற்றியவர் எத்தனை பேர்? நாமும் ஏற்றியதில்லை.

பாணியின் பெயரைச் சொன்னால் இயந்திரம் அதற்கேற்ப மாறும் என்பது உண்மைதான். 2022இல் போலந்து ஓவியர் கிரெக் ருட்கோவ்ஸ்கியின் பெயரையே ஒரு மந்திரச் சொல்லாக்கி உலகெங்கும் படம் வரைவித்தார்கள். அவர் அதை விரும்பவில்லை. 2025 மார்ச்சில் எல்லாரும் தத்தம் குடும்பப் படங்களை ஜப்பானின் ஜிப்லி பாணிக்கு மாற்றிக் களித்தார்கள். (நம் வீட்டிலும் அது நடந்தது. மறைப்பானேன்?) அப்படியானால் அண்ணன்மாருக்குச் சொல்ல வேண்டிய பாணிப் பெயர் எது? கொங்கு நாட்டுக்கென ஒரு பாணி உண்டா?

கோவைக்கு மேற்கே, கேரள எல்லையை ஒட்டிய குமிட்டிபதியில் குகைப் பாறையொன்றில் வெண்ணிற ஓவியங்கள் உள்ளன. யானை உருவம் அவற்றுள் புகழ்பெற்றது. அதை வரைந்தவனுக்கு விலங்கின் உடல் நிறையும் ஓட்டமும் முக்கியம், முகம் முக்கியமில்லை.

பேரூருக்கு வந்தால் நிலைமை தலைகீழ். மதுரை நாயக்க மரபினரான அளகாத்திரி நாயக்கர் 17ஆம் நூற்றாண்டில் எழுப்பிய கனகசபையின் தூண்களில் அகோர வீரபத்திரரும், யானையுரி போர்த்தவரும், ஆலங்காட்டுக் காளியும், ஊர்த்துவ தாண்டவரும் ஆளுயரத்துக்கு மேல் எழுந்து நிற்கிறார்கள். நகக்கணுவும் அணிகலனின் முடிச்சும் தெரியும் அந்த வேலைப்பாட்டில் கல் தன்னைக் கல்லென்று ஒத்துக்கொள்ள மறுக்கிறது. நாயக்கர் காலச் சிற்பிக்குத் தன் திறத்தை ஒளித்துவைக்கும் வழக்கமில்லை!

இவ்விடத்தில் ஒரு செவிவழிச் செய்தி நினைவுக்கு வருகிறது. அக்காலச் சிற்பிகள் வேலைக்கு ஒப்பந்தம் எழுதும்போது, ஆவுடையார்கோயில் கொடுங்கை, கடாரங்கொண்டான் மதில், தாரமங்கலம் தூண், திருவலஞ்சுழிப் பலகணி ஆகியவை நீங்கலாக வேறெதுவும் செய்து தருகிறோம் என்று எழுதுவார்களாம். தாரமங்கலம் நம் கொங்கு மண்டலத்துள் அடங்கிய ஊர் என்பதில் நமக்கொரு பெருமிதம். இன்றைய படச் செயலிகளிலும் 'இவையிவை வேண்டா' என்று விலக்குச் சொற்கள் எழுதும் வழக்கம் உண்டு. ஒரு வேறுபாடு: அன்று விலக்கியவன் தன் கையின் எல்லையை அறிந்த சிற்பி. இயந்திரம் எதையும் இயலாதென்று சொல்வதில்லை. பனிமலையைத் தயங்காமல் வரைந்து தருகிறது.

ஆனால் அண்ணன்மாருக்கு நெருங்கிய உறவு பேரூர்த் தூண்களன்று; நடுகற்களே. கோவை, திருப்பூர், ஈரோட்டுப் பகுதிகளில் புலிகுத்திக் கற்கள் மிகுதியாகக் கிடைக்கின்றன. பட்டி மாட்டைக் காக்கப் புலியோடு பொருது மாண்ட வீரனுக்கு எடுத்தவை. புலி பின்னங்கால்களில் எழுந்து பாய்கிறது. வீரனின் வாளோ ஈட்டியோ அதன் உடலில் பாய்ந்திருக்கிறது. வீரனின் தலைமுடி பக்கவாட்டில் சரிந்த கொண்டையாக முடியப்பட்டிருக்கும். கழுத்திலும் கையிலும் அணிகள், இடையில் வரிந்து கட்டிய ஆடை. கவசம் இல்லை, தலைப்பாகை இல்லை. முகமோ மழையில் தேய்ந்து பெரும்பாலும் மழுங்கிவிட்டது. ஓரிரு கற்களைப் பார்த்துவிட்டுப் பலநூறு கற்களைப் பற்றிப் பேசுவது தவறுதான். எனினும் அந்தச் சரிந்த கொண்டையைத் திரும்பத் திரும்பக் காண்கிறோம்.

'இதுதான் பாணி!' என்று அன்று நமக்குள் ஓர் உற்சாகம் பொங்கிற்று. பக்கக் கொண்டை, கச்சை, வெற்று மார்பு, புடைப்புச் சிற்பம் என்றெல்லாம் ஆங்கிலத்தில் சொல்லி இளைஞரைப் படம் கேட்கச் செய்தோம். கொண்டை உச்சிக்கு ஏறி ஜப்பானியச் சாமுராயின் கொண்டையாக வந்தது. இரண்டாம் முறை இரு கொண்டைகள். ஏழாவது முயற்சியில் ஒருவாறு சரிந்தது. அதற்குள் சங்கரின் கையில் ஆறு விரல்கள் முளைத்துவிட்டன. இளைஞர் சிரித்தார். பெரியவர் சிரிக்கவில்லை.

உற்சாகம் சற்றுத் தணிந்தபின், நம் பிழையும் நமக்குப் புலப்பட்டது. கோயிலுக்குள் சென்று அழியவிருக்கும் சுதை உருவங்களை அப்போதுதான் ஊன்றிப் பார்த்தோம். குதிரைமேல் அமர்ந்த அண்ணன்மாரின் முகத்தில் உருண்ட கன்னம், இதழ்க்கடையில் மென்னகை, சிவந்த உதடு. இது நடுகல் முகமன்று. நாட்காட்டி முகம்! இரவி வர்மா (1848-1906) 1894இல் பம்பாயில் தொடங்கிய அச்சகம் தெய்வங்களை மனித முகத்தோடு வீடுதோறும் கொண்டு சேர்த்தது. பின்னர் கோவில்பட்டி கொண்டையராஜுவும் (1898-1976) அவர் மாணவர்களும் வரைந்து, சிவகாசியில் அச்சாகிய நாட்காட்டிகள் தமிழகத்துத் தெய்வங்களுக்கெல்லாம் ஒரே குடும்பச் சாயலைத் தந்தன. பெயரறியாத ஒரு கொத்தர், வீட்டுச் சுவரில் தொங்கிய முருகனின் முகத்தையே மனத்தில் கொண்டு இந்தச் சங்கரைப் பிசைந்திருக்க வேண்டும். அவரும் ஓர் அச்சுப் படத்தைப் பார்த்துத்தான் செய்தார். அப்படியிருக்க, செல்பேசிப் படத்தைப் பார்த்துச் செய்வதை மட்டும் நாம் எந்த முகத்தோடு தடுப்பது?

தடுக்கத்தான் வேண்டும் என்று தோன்றிற்று. ஏனென்று சொல்லத்தான் சிறிது நேரம் பிடித்தது. அந்தக் கொத்தர் முகத்தை வெளியிலிருந்து வாங்கினார். மற்றதை ஊரிலிருந்து எடுத்தார். குதிரையின் கழுத்து மணி இங்குள்ள மாட்டின் கழுத்து மணி. வேட்டிக் கட்டு இங்குள்ளவர் கட்டு. காலடியில் கொம்பன் உண்டு, சாம்புவன் உண்டு. இயந்திரத்தின் படத்தில் இருவரும் இல்லை. சாம்புவன் இல்லாத அண்ணன்மாரை எந்த உடுக்கைக்காரரும் பாடமாட்டார்.

இதே கேள்வியை நமக்கு முன்பே எதிர்கொண்டவர் ஒருவர் உண்டு. கனடிய மானுடவியலாளர் பிரெண்டா பெக் 1965இல் காங்கயத்தை அடுத்த ஓலப்பாளையத்தில் தங்கி இக்கதையைப் பாடக் கேட்டு ஒலிப்பதிவு செய்தார். 'தி த்ரீ ட்வின்ஸ்' என்ற அவரது ஆய்வு நூல் 1982இல் வெளிவந்தது. பல்லாண்டுகளுக்குப் பின் அதே கதையை 26 பகுதிகள் கொண்ட அசைபடத் தொடராக ஆங்கிலத்திலும் தமிழிலும் ஆக்கினார். பணபலமும் கணினித் திறமும் பெருகிய காலத்தில், முப்பரிமாணப் பளபளப்பை நாடாமல், ரவிச்சந்திரன் ஆறுமுகம் என்னும் தமிழ் ஓவியர் வரைந்த இருபரிமாண உருவங்களையே அவர் தேர்ந்துகொண்டார். அழுத்தமான வண்ணம், தட்டையான உருவம். தோல்பாவை அசைவதைப் போன்ற ஓர் எளிமை. 2011இல் கலைஞர் மு. கருணாநிதியின் புதினத்தைத் தழுவி, தியாகராஜன் இயக்கத்தில் பிரசாந்த் நடித்து வந்த 'பொன்னர் சங்கர்' திரைப்படமோ பெரும் அரங்கங்களையும் அரண்மனைகளையும் நாடியது. உழவர் குடியில் பிறந்த அண்ணன்மாரைப் பேரரசர்களாக்கிய அந்தப் பிரம்மாண்டம் நமக்கு ஒட்டவில்லை. இளைஞரின் படத்துக்கு மூத்த உறவு அதுவே என்று இப்போது எண்ணுகிறோம்.

இதையெல்லாம் அந்த வேப்பமரத்தடியில் நாம் இவ்வளவு கோவையாகச் சொல்லவில்லை. "சுரண்ட வேண்டா, விரிசலை அடைத்துப் பழைய வண்ணத்தையே பூசுங்கள், அதற்கு முன் எல்லா உருவங்களையும் நாற்புறமும் படமெடுத்து வையுங்கள்" என்று மட்டும் சொன்னோம். குழுவில் அரைமணி நேரம் வாக்குவாதம் நடந்தது. நன்கொடை தந்த ஒருவர் புதுமுகமே வேண்டுமென்றார். முடிவில், சுதை பழையபடியே இருக்கட்டும், வரவேற்புப் பதாகைக்கு இயந்திரப் படம் போகட்டும் என்றானது.

ஆனி மாதம் குடமுழுக்குக்குச் சென்றோம். சாலை முகப்பில் பெரும் பதாகை. இறகுத் தலைப்பாகையும் கவசமும் அப்படியே. பனிமலை மட்டும் நீக்கப்பட்டு, அவ்விடத்தில் சென்னிமலை ஒட்டப்பட்டிருந்தது. உள்ளே சங்கர் புதுச் சிவப்பு உதடுகளோடு குதிரைமேல் இருந்தார். பெரியவர் நம்மைக் கண்டதும் கையைப் பிடித்து அழைத்துச் சென்று, குதிரையின் காலடியைக் காட்டினார். சாம்புவனுக்குக் கண் எழுதும் வேலையைப் பெயிண்டரிடம் விடாமல் தாமே செய்தாராம்.