வயோமிங்கின் கவர்னர் அம்மாள்

அமெரிக்க ஐக்கிய நாட்டின் மேற்கே, மலைகளும் மேய்ச்சல் வெளிகளும் பரந்து ஜனத்தொகை மிகக் குறைந்த வயோமிங், ராஜ்ய அந்தஸ்து பெறுவதற்கு முன்பே, 1869-ஆம் வருஷத்தில், ஸ்திரீகளுக்கு வாக்குரிமை அளித்துச் சட்டம் செய்த பூமியாகும். அங்கே கவர்னர் என்பவர் நம் நாட்டிற்போல் மேலிருந்து நியமனம் பெறுகிறவர் அல்லர். ஜனங்களின் வோட்டைப் பெற்று ராஜ்ய நிர்வாகத்தைத் தாமே நடத்துகிறவர். அந்த ஸ்தானத்தில் ஒரு பெண்மணி அமர, வாக்குரிமை கிடைத்த பின்னும் 55 வருஷங்கள் சென்றன.

1924 அக்டோபர் 2-ஆம் தேதி, கவர்னர் வில்லியம் ராஸ் குடல்வால் சிகிச்சைக்குப் பின் காலமானார். டெமாக்ரடிக் கட்சியார், ஒரு மாதத்தில் நடக்கவிருந்த தேர்தலுக்கு, அவருடைய மனைவி நெல்லி டெய்லோ ராஸையே அபேட்சகராக நிறுத்தினர். துக்கத்தில் ஆழ்ந்திருந்த அம்மையார் ஊர் ஊராகச் சென்று பிரசாரம் செய்யவில்லை. கணவரின் கொள்கைகளைத் தொடர்ந்து நடத்துவதாக ஓரிரு பகிரங்கக் கடிதங்கள் எழுதியதோடு சரி. ஆயினும், ஜனாதிபதி தேர்தலில் அதே நாளில் ரிபப்ளிகன் கட்சியின் கூலிட்ஜுக்கு வெற்றியளித்த வயோமிங் மக்கள், கவர்னர் பதவிக்கு மட்டும் 8,000-க்கும் அதிகமான வோட்டு வித்தியாசத்தில் இவரைத் தேர்ந்தெடுத்தார்கள். டெக்ஸாஸில் மிரியம் பெர்குஸனும் அன்றே ஜெயித்தார். எனினும் 1925 ஜனவரி 5-ஆம் தேதியே பிரமாணம் செய்துகொண்டதால், அந்நாட்டின் முதல் பெண் கவர்னர் என்ற கீர்த்தி நெல்லி ராஸுக்குச் சேர்ந்தது.

சரித்திரம் எழுதுவோர் இந்த வெற்றியையே கொண்டாடுகின்றனர். எனக்கோ அவருடைய 1926-ஆம் வருஷத்துத் தோல்வி அதனினும் பெரிதாகத் தோன்றுகிறது. முன்பு விழுந்த வோட்டுகளில் விதவையிடம் கொண்ட அனுதாபம் எவ்வளவு, அவரிடம் கொண்ட நம்பிக்கை எவ்வளவு என்று பிரித்துச் சொல்ல யாராலும் முடியாது. எதிர்க்கட்சியாரே பெரும்பான்மையாக இருந்த சட்டசபையோடு இரண்டு வருஷம் நிர்வாகம் நடத்திவிட்டு, அந்த நிர்வாகத்தையே சாட்சியாக வைத்து, இம்முறை தாமே பிரசாரத்துக்குப் புறப்பட்டு வோட்டுக் கேட்ட அம்மையார், ரிபப்ளிகன்கள் வலுத்திருந்த அந்த ராஜ்யத்தில், பிராங்க் எமர்ஸனிடம் தோற்றது ஏறக்குறைய 1,300 வோட்டுகளில்தான். அனுதாப அலை அடங்கிய பிறகும் பாதிக்குச் சற்றே குறைந்த ஜனங்கள் அவர் பக்கம் நின்றார்களென்றால், அது அவருடைய திறமைக்கு விழுந்த வோட்டு.

பின்னர் ஜனாதிபதி ரூஸ்வெல்ட் அவரை 1933-இல் நாணயசாலைத் தலைவராக நியமித்தார்; 1953 வரை அப்பொறுப்பை அவர் வகித்தார். கணவர் வகித்த பதவியைத் தொடர்ந்து வராத ஒரு பெண்மணி, எல்லா கிராஸோ என்பவர், முதன்முதலாகக் கனெக்டிகட்டில் கவர்னராகத் தேர்ந்தெடுக்கப்பட்டது 1974-ஆம் வருஷத்தில்தான். அப்போது நெல்லி ராஸுக்கு வயது 97.