வருமுன் அறிந்த கதை

பிறபொருளெதிரி என்னும் பெயரைக் கேட்ட மாத்திரத்தே அதன் தொழிலும் விளங்கிவிடுகின்றது. புறத்தேயிருந்து உடலினுட் புகும் நோய்க்கிருமி முதலியவற்றை எதிர்த்து நிற்பதற்கென உடல் தானே ஆக்கிக்கொள்ளும் ஒருவகைப் புரதமே அது. பிறபொருளை எதிர்க்க எழுந்த அப்படை தன் உடலையே எதிர்க்கத் தலைப்பட்டால் என்னாகும்? வேலியே பயிரை மேய்ந்தாற்போல வரும் அவ்வகை நோய்களைத் தன்னெதிர்ப்பு நோய்கள் என்பர். வேலி மேயத் தொடங்கியதைப் பயிர் வாடுமுன்னரே கண்டுகொள்ளக் கூடுமா? கண்டால் அவ்வறிவினால் விளையும் பயன் யாது? இவ்விரு வினாக்களுக்கும் விடைதேடி வைத்திய உலகம் ஒரு நூற்றாண்டுக்கு மேலாக நடந்த வழியை நேயர்களுடன் சேர்ந்து ஒருமுறை நடந்துபார்க்க விரும்புகின்றேன்.

கதை ஜெர்மனி நாட்டில், ஆடுகளிலிருந்து தொடங்குகின்றது. 1900ஆம் ஆண்டளவில் பவுல் ஏர்லிக் என்னும் பேரறிஞரும் அவர்தம் துணைவர் மோர்கென்றோத்தும் ஓர் ஆட்டின் குருதியை வேறோர் ஆட்டினுள் ஏற்றினர். ஏற்கப்பெற்ற ஆடு அவ்வேற்றுக் குருதிக்கு எதிரிகளை ஆக்கிற்று. தன் குருதிக்கு எதிரியை அது ஆக்கவேயில்லை. உடல் தன்னைத் தானே நஞ்சூட்டிக்கொள்ள அஞ்சுகின்றது என்று பொருள்படும் இலத்தீன் தொடர் ஒன்றால் ஏர்லிக் இதனைக் குறித்தார். தனக்கு ஊறு நேராவண்ணம் காக்கும் ஒழுங்கு ஏதோ உடலிற் காணப்படுகின்றது என்பதே அவர் கருத்து. பின்வந்தோர் பலர் அதனை மீறவொண்ணா விதியாகவே கொண்டுவிட்டனர். 1904இல் வியன்னா நகரத்தில் டொனாத், லான்ட்ஸ்டைனர் என்போர், குளிர் பட்டதும் சிறுநீர் செந்நிறமாகும் நோயாளரிடத்தே அவர்தம் செங்குருதிக் கலங்களையே தாக்கும் எதிரியொன்றைக் கண்டறிந்து கூறினர். அஃது அருமையான ஒரு புறநடை என்று ஒதுக்கப்பட்டது. பெரியோர் ஒருவரின் சொல் அரை நூற்றாண்டு காலம் ஆராய்ச்சியின் வாயிலை அடைத்து நின்றது எனலாம்.

அவ்வாயில் திறந்தது 1956ஆம் ஆண்டில். அமெரிக்காவின் பபலோ நகரில் எர்ணஸ்ற் விற்றெப்ஸ்கி என்பாரும் அவர்தம் இளந்துணைவர் நோயெல் றோசும், முயல்களுக்கு அவற்றின் தைரொயிட்டுச் சுரப்பிச் சாரத்தையே ஏற்றி, அச்சுரப்பி சிதைவதைக் கண்டனர். இவ் விற்றெப்ஸ்கி, ஏர்லிக்கிடம் துணைவராயிருந்த ஹான்ஸ் சாக்சின் மாணவர். ஆசிரியரின் ஆசிரியர் கூற்றுக்கு மாறான முடிவொன்று தம் கையிலேயே வந்து சேர்ந்தமையால், அதனைப் பலகாலும் மீளச் சோதித்த பின்னரே அவர் உலகறியச் செய்தார். அதே ஆண்டில் இலண்டன் மிடில்செக்ஸ் வைத்தியசாலையில் ஐவன் றொயிற், டெபொறா டொனியாக் முதலியோர், தைரொயிட்டு வீங்கும் ஹஷிமொற்றோ நோயுற்றாரின் குருதியில் அச்சுரப்பியின் புரதத்தையே எதிர்க்கும் எதிரிகளைக் கண்டனர். தன்னுடலையே எதிர்க்கும் இவற்றை இனித் தன்னெதிரிகள் என்று சுருங்கச் சொல்வோம்.

இனி நீரிழிவுக்கு வருவோம். முதுமையிலும் நடுவயதிலும் பெருவழக்காகக் காணப்படும் நீரிழிவு வேறு. இங்கு யாம் பேசுவது சிறாரையும் பற்றும் முதலாம் வகை நீரிழிவு. ஓடியாடித் திரிந்த பிள்ளை சில கிழமைகளுள் தீராத் தாகங்கொண்டு மெலிந்து சோர்ந்து விழும். 1921இல் ரொறன்ரோ நகரில் இன்சுலின் கண்டுபிடிக்கப்படுமுன் இந்நோய்ப்பட்ட பிள்ளைகள் பிழைப்பதரிது. இன்சுலின் உயிர்காத்தது. எனினும் இன்சுலினைச் சுரக்கும் சதையியின் சிறுதீவுகள் ஏன் அழிகின்றன என்பது புலப்படாதிருந்தது. 1965இல் பெல்ஜியநாட்டு அறிஞர் வில்லி கெப்ற்ஸ், நோய் தோன்றிய சிறுகாலத்துள் இறந்த 22 பேரின் சதையிகளை ஆராய்ந்து, 15 பேரிடத்தே சிறுதீவுகளை வெண்குருதிக் கலங்கள் சூழ்ந்து நிற்கக் கண்டார். முற்றுகையிட்ட படையின் சுவடு அங்குத் தெரிந்தது.

அப்படையின் அடையாளத்தைக் குருதியிலேயே முதலிற் கண்டோருள் ஒருவர், டொனியாக்குடன் பணியாற்றிய இத்தாலியர் ஜான் பிறாங்கோ பொற்றாற்சோ. 1974இல் அவர்கள் மனிதச் சதையியின் மெல்லிய சீவல்மீது நோயாளரின் குருதித் தெளிநீரை இட்டு, ஒளிரும் சாயத்தாற் சோதித்தனர். சிறுதீவுகள் மட்டும் நுணுக்குக்காட்டியில் ஒளிர்ந்தன. நோயாளரின் குருதியிலிருந்த தன்னெதிரிகள் அச்சிறுதீவுகளைப் பற்றிக்கொண்டன என்பது இதனால் விளங்கிற்று.

இங்கே ஒரு வினா எழுந்தது. இத்தன்னெதிரிகள் நோயுடன் வந்தனவா, நோய்க்கு முன்னரே வந்தனவா? நோயுற்றாரைச் சோதித்து இதற்கு விடைகாண இயலாது. நோயற்றோரின் குருதியைச் சேமித்துவைத்துக் காத்திருத்தல் வேண்டும். இலண்டன் புனித பர்த்தலோமேயு வைத்தியசாலையைச் சேர்ந்த அன்ட்றூ கட்வேர்த் என்பாரின் குழுவினர் இப்பொறுமையான தொழிலை மேற்கொண்டனர். வின்சர் வட்டாரத்தில் நீரிழிவுப் பிள்ளையொன்றையுடைய குடும்பங்களை நாடி, உடன்பிறந்தோரும் பெற்றோருமாகிய நலமுள்ளோரிடமிருந்து காலந்தோறும் குருதி பெற்றனர். பின்னாளில் அவருட் சிலர் நோயுற்றபோது, பேணிவைத்த பழங்குருதியை எடுத்துச் சோதித்தனர். நோய் வெளிப்படுவதற்கு நெடுநாள் முன்னரே தன்னெதிரிகள் அங்கே இருந்தன. 1981இல் இச்செய்தி வெளியாயிற்று. சில கிழமைகளுள் வந்து தாக்கும் திடீர் நோயென்று கருதப்பட்டது, உள்ளே நெடுங்காலம் ஓசையின்றி நடந்த அழிவின் இறுதிக் கட்டமே என்பது தெளிவாயிற்று.

பிறநோய்களிலும் இதுவே கண்டது. அமெரிக்கப் படைவீரரின் சேமித்த குருதியை ஆராய்ந்தோர் 2003இல் வெளியிட்ட முடிவின்படி, லூப்பசு நோயுற்ற 130 பேரில் 115 பேரின் குருதியில் நோய் நிச்சயிக்கப்படுமுன்னரே தன்னெதிரிகள் காணப்பட்டன. ஒன்பது ஆண்டுகளுக்கு முன்னர்த் தோன்றியனவும் அவற்றுள் உண்டு. மூட்டுவாத நோய்க்கும் இத்தகைய முன்னடையாளங்கள் உண்டென்பதை, ஆம்ஸ்ரடாம் நகரிற் குருதிக் கொடையாளரின் பழங்குருதி 2004இற் காட்டிற்று.

நீரிழிவைப் பொறுத்தவரை, எதிரியின் இருப்பு மட்டுமன்றி அதன் எண்ணிக்கையும் முக்கியமாயிற்று. இன்சுலினை எதிர்க்கும் தன்னெதிரி 1983இல் அறியப்பட்டது. பிறவும் ஒவ்வொன்றாக வெளிப்பட்டன. ஜெர்மனி, பின்லாந்து, அமெரிக்காவின் கொலராடோ ஆகிய இடங்களிற் பிறப்பு முதற்கொண்டு தொடரப்பட்ட 13,377 பிள்ளைகளின் வரலாறு 2013இல் ஒருங்கே தொகுக்கப்பட்டது. இரண்டோ அதற்கு மேற்பட்டனவோ ஆகிய தன்னெதிரிகளையுடைய பிள்ளைகளுள் நூற்றுக்கு ஏறத்தாழ 70 பேர் பத்தாண்டுகளுள் நோயுற்றனர். ஒன்று மட்டுமுடையோருள் நூற்றுக்கு ஏறத்தாழ 15 பேரே நோயுற்றனர். எதுவுமில்லாதாருள் இருநூற்றுக்கு ஒருவர் கூட இல்லை.

நேயர்களே, இவ்வெண்களை ஒரு தாயின் செவியிற் போட்டுப் பாருங்கள். பிள்ளை முற்றத்தில் விளையாடுகின்றது. நோயென்று சொல்ல யாதுமில்லை. இப்பிள்ளை பத்தாண்டுகளுள் நோயுறுவது பெரும்பாலும் உறுதி என்று வைத்தியர் கூறுகின்றார். தடுக்கும் மருந்து யாது என்று தாய் கேட்கின்றாள். நெடுங்காலம் வைத்தியரிடம் அதற்கு விடையில்லை. முயலாமலிருந்தாரல்லர். நோயற்ற உறவினருக்குச் சிறிதளவு இன்சுலினை முற்கூட்டியே ஏற்றினால் தடுக்கலாகும் என்னும் நம்பிக்கையில், இடர்மிக்க 339 பேரைக்கொண்டு அமெரிக்காவில் ஒரு பெருஞ்சோதனை நிகழ்ந்தது. 2002இல் வந்த முடிவு ஏமாற்றமே. நிக்கொற்றினமைட்டு என்னும் உயிர்ச்சத்தைக்கொண்டு ஐரோப்பாவில் நடந்த சோதனையும் 2004இல் அவ்வாறே முடிந்தது. மருந்தில்லாத முன்னறிவு அன்பாகுமா, கொடுமையாகுமா என்று சிலர் வினவியது நியாயமே.

ஆயினும் அவ்வறிவு வீண்போகவில்லை என்பதைக் காலம் காட்டிற்று. முன்னறிந்த பெற்றோர் தாகத்தையும் மெலிவையும் கண்டவுடனே பொருளுணர்ந்தனர். ஜெர்மனியின் பவேரியா மாநிலத்தில் 90,632 சிறுபிள்ளைகளைச் சோதித்து, 280 பேரிடத்தே நோயின் முன்னிலையைக் கண்டறிந்தனர். அவருள் பின்னர் நோயுற்ற பிள்ளைகளில், குருதியில் அமிலம் மிகுந்து உயிருக்கு ஊசலாடும் நிலையை அடைந்தோர் நூற்றுக்கு ஐவரினுங் குறைவு. 2020இல் வெளியான இக்கணக்கு, நோயைத் தடுக்காத அறிவும் சாவைத் தடுக்கக்கூடும் என்பதற்குச் சான்றாகும்.

மருந்தும் ஒருவாறு வந்தது. 2019இல், தன்னெதிரிகளையுடைய 76 பேரில் ஒரு பகுதியினர்க்குத் தெப்பிலிசுமாப்பு என்னும் மருந்தைப் பதினான்கு நாட்கள் ஏற்றினர். மருந்து பெறாதார் பாதிப்பேர் நோயுறுவதற்கு ஏறத்தாழ 24 மாதங்கள் சென்றன. பெற்றோர்க்கு ஏறத்தாழ 48 மாதங்கள் சென்றன. 2022 நவம்பரில் அமெரிக்க அரசின் மருந்து அதிகாரசபை இதற்கு அனுமதி வழங்கிற்று. இம்மருந்து ஆய்வுகூடத்தில் ஆக்கப்பட்ட ஒரு பிறபொருளெதிரியே! தாக்கும் வெண்குருதிக் கலங்களை அடக்குதல் அதன் தொழில். வழிதவறிய காவலனை மடக்க மற்றொரு காவலனையே அனுப்பினர்.

அது நோயை ஒழிக்கும் மருந்தன்று, தள்ளிப்போடும் மருந்து. எட்டு வயதுப் பிள்ளைக்கு இன்சுலின் ஊசியின்றிக் கழியும் இரண்டு ஆண்டுகள் சிறியவையா என்பதை அப்பிள்ளையின் வீட்டாரைக் கேட்டறிதல் வேண்டும். 2023இல் இத்தாலிய நாடு, பிள்ளைகளிடத்தே இவ்வடையாளங்களை நாடுமுழுவதும் தேடுவதற்குச் சட்டமே இயற்றிற்று.

1974இல் ஒரு நுணுக்குக்காட்டியின் கீழ்த் தெரிந்த ஒளி, பிள்ளையொன்றின் வாழ்வில் இரண்டு ஆண்டுகளாக மாறுவதற்கு நாற்பத்தைந்து ஆண்டுகள் சென்றன. அவ்விடைக்காலத்தில், தமக்குப் பயன்படுமென்ற உறுதி ஏதுமின்றிப் பல்லாயிரம் பெற்றோர் தம் மக்களின் கைகளை ஊசிக்கு நீட்டித் தந்தனர். வருமுன் காத்தல் நன்றென்பதை யாவரும் அறிவர். காக்க வழி தோன்றுமுன்னரே வருவதை அறியத் துணிந்தோரின் நெஞ்சுரமும் இவ்வரலாற்றின் ஒரு பகுதியென நாம் எண்ணுதல் தகும்.