கனி மரமும் காவல் மன்றமும்

நெல்லை விதைத்தவன் சில திங்களில் அறுவடை காண்கிறான். பழமரத்தை நட்டவனோ ஆண்டுக்கணக்கில் காத்திருக்கிறான். தான் நட்டது நல்ல மரமா என்பதை அவன் உறுதியாக அறிவதற்குள் பத்தாண்டுகள் ஓடிவிடும். தவறான கன்றைத் தேர்ந்தவனுக்கு அத்தவற்றைத் திருத்திக்கொள்ள வாழ்நாளில் ஓரிரு வாய்ப்புகளே எஞ்சும். இக்காரணத்தினாலேயே பழத்தொழிலில் தனிமனித அனுபவம் மட்டும் போதுவதில்லை. பலர் கூடிச் சோதித்து, பலருக்கும் பொதுவாக அறிவைச் சேர்த்து வைக்கும் அமைப்பு தேவைப்படுகிறது. அத்தகைய அமைப்பைத் தாமே உருவாக்கித் தாமே காத்த விவசாயிகளின் வரலாறு இங்கிலாந்தின் கெண்ட் மாவட்டத்தில் காணக் கிடைக்கிறது.

கெண்டும் அதன் கவலையும்

லண்டன் மாநகரின் தென்கிழக்கே பரந்து கிடக்கும் கெண்ட், இங்கிலாந்தின் தோட்டம் எனப் பெயர் பெற்ற மண். எட்டாம் ஹென்றி மன்னரின் பழத்தோட்ட அதிகாரியான ரிச்சர்ட் ஹாரிஸ், 1533இல் அயல்நாட்டு ஒட்டுக் கிளைகளைக் கொணர்ந்து டெய்ன்ஹாம் என்னும் ஊரில் தோட்டம் அமைத்தார் என்பது மரபாகச் சொல்லப்படும் செய்தி. மண்வளமும் மாநகரச் சந்தையும் அருகருகே அமைந்தமையால் ஆப்பிள், பேரி, செர்ரி ஆகியவை அங்குச் செழித்தன.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் இந்நிலை மாறலாயிற்று. நீராவிக் கப்பல்கள் அமெரிக்காவிலிருந்தும் கனடாவிலிருந்தும் ஆப்பிள்களை ஏற்றி வந்தன. ஆஸ்திரேலியப் பழங்களும் லண்டன் சந்தையில் இடம்பிடித்தன. தரம் பிரித்து, ஒரே அளவாக அடுக்கப்பட்டு வந்த அப்பழங்களின் முன் கெண்டின் கலப்புச் சரக்கு மதிப்பிழந்தது. ஒரே தோட்டத்தில், ஒரே நாளில் நட்ட மரங்களில் ஒன்று ஓங்கி வளர்ந்தது, மற்றொன்று குட்டையாக நின்றது. ஒன்று விரைவில் காய்த்தது, மற்றொன்று பல்லாண்டு காக்க வைத்தது. இதற்குக் காரணம் யாதென எவராலும் விளக்க இயலவில்லை.

இதையொத்த கவலை நாட்டின் மேற்குப் பகுதியிலும் இருந்தது. 1903இல் பிரிஸ்டல் நகரை அடுத்த லாங் ஆஷ்டனில் தேசியப் பழ, சைடர் நிலையம் தோன்றியது. கெண்ட் விவசாயிகளும் தங்கள் மண்ணிலேயே சோதனைகள் நடைபெற வேண்டுமென வற்புறுத்தினர். அதன் பயனாக 1913இல், வை வேளாண் கல்லூரியின் கிளையாக, ஈஸ்ட் மாலிங் என்னும் சிற்றூரில் ஏறத்தாழ 20 ஏக்கரில் ஒரு பழச்சோதனை நிலையம் எழுந்தது.

வேரில் கண்ட விடை

அடுத்த ஆண்டே முதல் உலகப்போர் மூண்டது. நிலையத்தின் பொறுப்பு ரொனால்டு ஹாட்டன் என்னும் இளைஞரிடம் வந்து சேர்ந்தது. பின்னர் 1949 வரை அதன் இயக்குநராக விளங்கிய பெருமகன் அவர். மரத்தின் கிளையைப் பாராமல் வேரைப் பார்த்ததே அவருடைய சிறப்பு எனலாம்.

ஆப்பிள் மரம் விதையிலிருந்து நேராக வளர்க்கப்படுவதில்லை. வேண்டிய வகையின் கிளையை வேறொரு வேர்ச்செடியில் ஒட்டுக்கட்டியே கன்று உண்டாக்குவர். மரத்தின் உயரம், காய்க்கத் தொடங்கும் வயது, நிலத்தைப் பற்றி நிற்கும் வலிமை ஆகியவற்றை அவ்வேர்ச்செடியே பெரிதும் தீர்மானிக்கிறது. ஆனால் நாற்றங்கால்காரர்கள் விற்ற வேர்ச்செடிகளோ பெயரில் ஒன்றாகவும் குணத்தில் பலவாகவும் இருந்தன. ஹாட்டன் அவற்றைப் பல இடங்களிலிருந்து திரட்டி, வளர்த்துப் பார்த்து, வகை பிரித்து, எண்ணிட்டார். அவற்றுள் எம் 9 என வழங்கும் குட்டை வேர்ச்செடி உலகெங்கும் பரவியது. இன்று நெருக்கமாக நடப்பெறும் ஆப்பிள் தோட்டங்கள் பெரும்பாலும் அதன் வழியிலோ அதன் வழித்தோன்றல்களின் வழியிலோ நிற்கின்றன. ஏணியில் ஏறிப் பறித்த பழத்தை நிலத்தில் நின்றே பறிக்கும் நிலை வந்தது.

இதற்கிடையே 1920ஆம் ஆண்டளவில், தோட்டப் பயிர்ச் சோதனைகளை வளர்ப்பதற்கான கெண்ட் சங்கம் பதிவு செய்யப்பட்டு, நிலையத்தின் உரிமையை ஏற்றது. அதன் ஆட்சியில் விவசாயிகள் வெறும் பார்வையாளராக இல்லாமல் பொறுப்பாளராக அமர்ந்தனர். 1938இல் பிராட்போர்ன் என்னும் பழைய மாளிகையும் அதனைச் சார்ந்த நிலமும் நிலையத்துக்கு வந்து சேர்ந்தன. நிலம் சங்கத்தின் பெயரில் இருந்தது என்னும் இச்சிறு செய்தியின் பெருமை பிற்காலத்திலேயே விளங்கிற்று.

தன்னலமா, பொதுநலமா?

இங்கே ஒரு நுட்பமான வினா எழுகிறது. பழம் விற்றுப் பொருளீட்டுவோர் கூடிப் பழத்தொழிலை வளர்த்தால் அதனை அறம் எனலாமா? இங்கிலாந்தின் அறநிலையச் சட்ட மரபு 1601இல் முதலாம் எலிசபெத் காலத்தில் இயற்றப்பட்ட சட்டத்தை அடியொற்றியது. பொதுமக்களுக்குப் பயன் தரும் நோக்கமே அதில் அறமாகக் கொள்ளப்படும். 1928இல் யார்க்‌ஷயர் வேளாண் சங்கத்தைப் பற்றிய வழக்கில் மேல்முறையீட்டு நீதிமன்றம் தெளிவான தீர்ப்பளித்தது. வேளாண்மையைப் பொதுவாக மேம்படுத்துவது அறச்செயலே ஆகும். அதனால் உறுப்பினருக்கு இடையே சிறிது நன்மை விளைந்தாலும் அவ்வறத்தன்மை கெடாது என்பது அதன் சாரம். ஆயின் உறுப்பினர் நன்மையே நோக்கமாகிவிட்டால் அச்சங்கம் வணிகர் கூட்டமே அன்றி அறநிலையம் ஆகாது.

இத்தீர்ப்பின் கூர்மையை ஈஸ்ட் மாலிங்கின் வரலாறே எடுத்துக்காட்டுகிறது. அங்குள்ள அறிஞர்கள் மெர்ட்டனில் இருந்த ஜான் இன்னஸ் நிலையத்தாருடன் சேர்ந்து, வேரைத் தாக்கும் கம்பளி அசுவினியை எதிர்த்து நிற்கும் வேர்ச்செடிகளை உருவாக்கினர். 1952இல் வெளிவந்த எம்எம் 106, எம்எம் 111 ஆகியவை அவ்வரிசையைச் சேர்ந்தவை. அப்பூச்சியால் பெரிதும் துன்புற்றவர்கள் ஆஸ்திரேலிய, நியூசிலாந்து விவசாயிகளே. கடல் கடந்து வந்த ஆப்பிளுக்கு அஞ்சித் தொடங்கப்பட்ட நிலையம், அந்த ஆப்பிளை விளைவித்தோருக்கே மருந்து கண்டது! வணிகக் கண்ணுக்கு இது பேதைமையாகத் தோன்றலாம். அறத்தின் கண்ணுக்கோ இதுவே அதன் முத்திரை.

தேர்தலும் பொறுப்பும்

1933இல் மார்டன் என்னும் கெண்ட் ஊரில் தொடங்கிய பழக்காட்சியும் இம்மரபினதே. அதனை நடத்திய சங்கம் அறநிலையமாக நிலைபெற்றது. அக்காட்சி பின்னர் தேசியப் பழக்காட்சியாக வளர்ந்தது. பழத்தைத் தரம் பிரிப்பதிலும் அடுக்குவதிலும் அங்கு நிகழ்ந்த போட்டிகள் தொழிலுக்கே பாடமாயின.

உறுப்பினர் வாக்களித்து அறங்காவலரைத் தேர்ந்தெடுக்கும் அறநிலையங்களில் ஓர் இரட்டை நிலை உண்டு. அறங்காவலராகத் தேர்ந்தெடுக்கப்படும் விவசாயி தம் அண்டை அயலாரின் வாக்கினால் அங்கு அமர்கிறார். அமர்ந்த பின் அவர் வாக்களித்தோரின் முகவர் அல்லர். அறநிலையத்தின் நோக்கத்துக்கே கடமைப்பட்டவர். அப்பணிக்கு ஊதியம் பெறுவது வழக்கமன்று. தம் தோட்டத்துக்கு ஆதாயம் தரும் தீர்மானம் வருமாயின் அதனை வெளிப்படுத்தி ஒதுங்கி நிற்க வேண்டும். கோயில் அறங்காவலர் என்னும் சொல்லைக் கேட்டு வளர்ந்த தமிழருக்கு இக்கடமையின் கனம் எளிதில் விளங்கும்.

இம்முறையில் குறையே இல்லை என்பதற்கில்லை. கூட்டங்களுக்கு வந்து செல்ல ஓய்வும் வசதியும் உடைய பெருந்தோட்டக்காரரே மிகுதியாக முன்வருதல் இயல்பு. அடுத்த பருவத்தின் நோய்க்கு மருந்து கேட்கும் விவசாயியும் இருபதாண்டு ஆய்வுக்குத் திட்டமிடும் அறிஞரும் ஒரே மேசையில் முரண்படுவதும் உண்டு. எனினும் மண்ணறிந்தவர் ஒருவர் அம்மேசையில் இல்லாவிடில் ஆய்வு காகிதத்திலேயே நின்றுவிடும்.

காலத்தின் சோதனை

இருபதாம் நூற்றாண்டில் ஆய்வுச் செலவைப் பெரிதும் அரசே ஏற்றது. ஏற்ற கை பின்னர் சுருங்கியது. 1990இல் பல நிலையங்கள் ஒன்றிணைக்கப்பட்டு, ஈஸ்ட் மாலிங் அவற்றுள் ஒன்றாயிற்று. அந்த இணைப்பும் 2004இல் கலைந்தது. 1912இல் பல்கலைக்கழகத்துடன் இணைந்த லாங் ஆஷ்டன் நிலையம், நூற்றாண்டு கண்ட 2003ஆம் ஆண்டிலேயே மூடப்பட்டது. தாய்க்கல்லூரியாகிய வை கல்லூரியும் 2009இல் மறைந்தது. ஈஸ்ட் மாலிங் மட்டும் பிழைத்து, 2016இல் கேம்பிரிட்ஜ் நகரைச் சேர்ந்த தேசிய வேளாண் தாவரவியல் நிலையத்துடன் இணைந்து பணியைத் தொடர்ந்தது. அதன் நிலம் பழத்தொழிலின் பொருட்டு அறக்கட்டளையாகக் காக்கப்பட்டமை இப்பிழைப்புக்கு ஒரு முதன்மைக் காரணமாகும்.

தோட்டப் பயிர் ஆய்வுக்காகக் கட்டாயத் தீர்வை திரட்டும் மன்றம் 1986இல் ஏற்படுத்தப்பட்டிருந்தது. 2021இல் நடந்த வாக்கெடுப்பில் வாக்களித்தோருள் 61 விழுக்காட்டினர் அத்தீர்வையைத் தொடர வேண்டாம் என்றனர். அது முடிவுக்கு வந்தது. கட்டாயத்தால் திரட்டிய பணம் ஒரு வாக்கெடுப்பில் நின்றுபோயிற்று. முன்னோர் விருப்பத்தோடு ஒப்படைத்த நிலமோ நிலைத்து நின்றது. இவ்விரண்டையும் அருகருகே வைத்து எண்ணுவோர்க்குப் பொதுப்பணியின் உண்மை புலனாகும்.

ஒரு சங்கத்தை நிறுவுவது எளிது. அதற்கொரு மனையை வாங்குவதும் கூடும். அம்மனையைத் தமக்கென எண்ணாமல், இன்னும் பிறவாத தலைமுறைக்கெனக் காத்து ஒப்படைப்பதே அரிது. கெண்ட் விவசாயிகள் அவ்வருஞ்செயலைச் செய்தனர். தாம் உண்ணப் போகாத கனிக்காக மரம் நடுவது அவர்களுக்குத் தொழிலாகவே பழகிப்போயிருந்தது; அதையே அவர்கள் பொதுவாழ்விலும் கடைப்பிடித்தனர்.